கப்பல் பாதுகாப்புப் பொறுப்பாளரின் இராஜினாமா

786

சாய்ந்தமருது,
கல்முனை.
22.05.1981, வெள்ளிக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் மஜீட் அவர்களுக்கு, மாமா உதுமாலெவ்வை எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். கடலிலும் கரையிலும் அல்லாஹ் உங்களைக் காப்பானாக. இங்கே நான், உங்கள் மாமி கைருன்னிஸா, உங்கள் மனைவி ஸுல்பிகா, அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளை எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் "சுகமாக" என்று எழுதுவேன். இம்முறை நன்றாக யோசித்துத்தான் "உயிரோடு" என்று எழுதியிருக்கிறேன். காரணம் கீழே வருகிறது. தயவுசெய்து நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம். உங்கள் கப்பலில் உறுதியான எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாசிக்கவும்.

நீங்கள் கராச்சியிலிருந்து போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. கப்பலில் வாரந்தோறும் தீ ஒத்திகையும் படகு ஒத்திகையும் நடக்கும், ஆபத்து வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கும், மூன்றாம் அதிகாரி என்ற வகையில் அதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று விளக்கமாக எழுதியிருந்தீர்கள். அதை ஸுல்பிகா முன் மண்டபத்தில் இருந்து எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். அந்த நேரம் பார்த்து என் மச்சான், உங்கள் மாமியின் கூடப்பிறந்த காக்கா கச்சிமுகம்மது அங்கே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாத் துன்பமும் அந்த ஒரு பிளேன்டீயில்தான் ஆரம்பித்தது. மச்சான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஒரு கப்பல ஓட்டுற இவ்வளவு லேசா?" என்று கேட்டார். உங்கள் கடிதத்திலிருந்து எந்த மனிதனுக்கும் வராத முடிவு அவருக்கு வந்தது.

அவருக்கு அக்கரைப்பற்றில் அரிசி ஆலை இருப்பது உங்களுக்குத் தெரியும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் எங்கள் கரையில் வந்து ஏறிய சின்னச் சரக்குக் கப்பலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் மாப்பிள்ளையாக வந்த நேரம் அதன் கம்பியில் யாரோ கருவாடு காயவைத்திருந்தார்கள். அதைத்தான் மச்சான் வாங்கினார். நெல்லையும் அரிசியையும் லொறியில் அனுப்பாமல் கப்பலில் அனுப்பப் போகிறாராம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "மச்சான், இறக்காமத்து றோட்டுல யானை மறிச்சா லொறி விடியுமட்டும் நிக்கும். கடல்ல யானை இரிக்கா?" என்று கேட்டார். கடலில் யானை இல்லை என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. பிறகு மணலை வெட்டி, கரைவலைக் கயிறுகளைப் பூட்டி, நாவிதன்வெளி வயல்களிலிருந்து உழவு மெசின்களைக் கொண்டுவந்து தள்ளி, அந்தக் கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். இறங்கியதும் அது மிதந்தது. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. பாண்டிருப்பில் கடைகளுக்குப் பலகை எழுதும் கனகரெத்தினம் அதற்கு நீல நிறம் அடித்து, "நூறுல் பஹ்ர்" என்று பெயர் எழுதி, பக்கத்தில் தன் வழக்கப்படி ஒரு தாமரைப் பூவும் போட்டுவிட்டார். கடலின் ஒளி என்று அர்த்தம். நங்கூரம் போட்டு நின்றபோது, மருமகன், உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கொழும்பிலுள்ள அரசாங்கக் கப்பல் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒரு மூட்டை நெல்லைக்கூட ஏற்றக்கூடாது. கப்பலில் போகிற ஒவ்வொருவருக்கும் மிதக்கும் சட்டை வேண்டும். உயிர்காப்புப் படகு வேண்டும். தீயணைக்கும் சாமான் வேண்டும். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று காட்டும் சுமைக்கோடு கப்பலின் விலாவில் இருக்க வேண்டும். ஆபத்தில் என்ன செய்வது என்று ஆட்களைப் பழக்கியிருக்க வேண்டும். அதற்கென்று ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்க்க ஒரு சேர்வேயர் நேரில் வருவார். மச்சான் வாசித்து முடித்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். நான் அப்போது அறுந்த செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நீங்க பஸ் டிப்போவுல என்ன வேலை பாத்த?"

"டைம்கீப்பர். உங்களுக்குத் தெரியாதா?"

"விசில் ஊதுவீங்க என்ன?"

"ஓம்."

"மணி அடிப்பீங்க?"

"ஓம்."

"இங்கிலீசு வாசிப்பீங்க. ஆக்களுக்கு நல்லா ஏசுவீங்க. மறுகா என்னத்த வேணும்?"

இப்படித்தான், மருமகன், வேலைக் காலம் முழுவதும் கல்முனை பஸ் நிலையத்தை விட்டு அசையாத நான், கணுக்காலுக்கு மேலே கடல்நீர் பட்டால் தலைசுற்றும் நான், ஒரு கப்பலின் பாதுகாப்புப் பொறுப்பாளரானேன். கைருன்னிஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கிணத்தடியில வழுக்குதெண்டு என்ட தோளப் பிடிக்கிற மனிசன், கப்பல்ல யார்ர தோளப் பிடிக்கப் போறாரு?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் பிறகுதான் கிடைத்தது. அதையும் எழுதுகிறேன்.

முதலில் மிதக்கும் சட்டை. கொழும்பில் வாங்குவதென்றால் நாட்கணக்கில் இழுபடும் என்றார் மச்சான். அதனால் மருதமுனைக்குப் போய் உங்கள் உம்மாவைக் கண்டோம். அவர் தறியில் நெய்த சாரன் துணியைத் தந்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டித் தைத்தும் தந்தார். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட சட்டைகள், மாப்பிள்ளைக்குப் போடலாம் போல இருந்தன. உள்ளே இலவம் பஞ்சு வைப்பதாகத்தான் ஏற்பாடு. பஞ்சு பாதியில் முடிந்துபோனதை என்னிடம் சொல்லாமல், மச்சான் மீதிச் சட்டைகளுக்குத் தன் ஆலையிலிருந்து உமியைக் கொண்டுவந்து திணித்துவிட்டார். ஊருக்குள் வரும் தோணா ஓடையில் சோதித்துப் பார்க்க, இன்ஜினைப் பார்க்கும் றஸாக்கை ஒரு சட்டையைப் போட்டு இறக்கினோம். றஸாக் இறங்கினான். சட்டை அவனைவிட வேகமாக இறங்கியது. இழுத்துப் போட்டபோது அவன் வாயிலிருந்து உமி வந்தது. "உமி மிதக்கும்தானே மச்சான்?" என்றார் மச்சான், நியாயம் கேட்கிற குரலில். "மிதக்கும் மச்சான். அவிட்டு உட்டா மிதக்கும். சட்டைக்குள்ள ஊறி மண்மூட்டை மாதிரிப் போகும்," என்றேன். அன்றே உமியைக் கொட்டிவிட்டு, இரண்டு குடும்பத்துத் தலையணைகளையும் பிரித்துப் பஞ்சை எடுத்து அடைத்தேன். கைருன்னிஸா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். உங்கள் தலையணையும் அதில் போய்விட்டது, மருமகன். மன்னிக்கவும்.

அடுத்தது சுமைக்கோடு. வட்டமும் நடுவே ஒரு கோடும். அந்தக் கோடு தண்ணீருக்குள் போனால் பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கனகரெத்தினம் பலகையில் தொங்கிக்கொண்டு, கொழும்பிலிருந்து வந்த படத்தைப் பார்த்துச் சரியான இடத்தில் கீறினார். மச்சான் தோணியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உசத்தி வையுங்க," என்றார்.

"முதலாளி, வட்டத்த உசத்தினாக் கப்பல் உசருமா?"

"நீங்க வைங்க. மத்ததெல்லாம் நான் பாக்கிறன்."

எனக்கு இரத்தம் கொதித்தது. "பஸ்ஸுல 'நிற்போர் பன்னிரண்டு பேர்' எண்டு எழுதியிருக்கிற இடத்துல நாப்பது எண்டு எழுதினா பஸ் பெருக்குமா மச்சான்?" என்று கத்தினேன். அவர், "எங்கட பஸ்ஸுல எப்பவும் நாப்பது பேர் நிண்டதானே, ஒரு நாளும் கவுறல்லியே," என்றார். அந்த பஸ்களுக்கு விசில் ஊதியவன் நான்தான். கடைசியில் கனகரெத்தினம் இருவரையும் மனம் நோகவைக்க விரும்பாமல் மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம் என்று இரண்டையும் வைத்துவிட்டார்.

அவர் இரண்டாவது வட்டத்தை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் முதலாவது ஒத்திகைக்கு மணி அடித்தேன். மணிச் சத்தம் கரைக்குக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. கேட்டது. கடற்கரையில் ஊரே திரண்டது. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மீன் வாடிகளிலிருந்து தோணிகள் புறப்பட்டன. கப்பலில் இருந்தவர்கள் நான் பழக்கியபடி சட்டையைப் போட்டு, படகில் ஏறிக் கரைக்கே போய்விட்டார்கள், என்னையும் ஏற்றிக்கொண்டு. கரையில் கனகரெத்தினத்தின் மனைவி பூமணி என் முன்னால் வந்து நின்றார். "எல்லாரும் வந்திட்டீங்க. என்ட மனிசன் எங்க?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தோம். கப்பலின் விலாவில், பலகையில், பெயின்ற் வாளியோடு கனகரெத்தினம் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்களை எண்ணாமல் படகை விடக்கூடாது என்பதை அன்றுதான் படித்தேன். பூமணி ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது, ஸுல்பிகா இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் உறை ஒட்டுவாள். அதற்குப் பிறகு வந்த ஒத்திகைகளுக்கு ஊர் வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் மணி அடித்தால், "உதுமாலெவ்வைக்கு வேலையில்ல," என்று சொல்லிவிட்டு கிழிந்த வலையைப் பொத்துவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை சேர்வேயர் ஐயா வந்தார். நல்ல பருத்த மனிதர், வெள்ளைக் காற்சட்டை, கையில் ஒரு சின்னச் சுத்தியல். தோணியில் ஏற்றி அலையைத் தாண்டிக் கூட்டிப்போனோம். கப்பலில் கால் வைத்ததும் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சொன்னார்: "நான் எப்போது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன். திடீரென்று ஒரு ஆபத்தைச் சொல்வேன். தீ என்பேன், தண்ணீர் என்பேன். நீங்கள் அது உண்மையென்று நினைத்துச் செய்ய வேண்டும். நான் பார்த்துப் புள்ளி போடுவேன்." எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். பிறகு அவர் கப்பலின் விலாவை எட்டிப் பார்த்து, "இதென்ன இரண்டு வட்டம்?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் மச்சான் முந்திக்கொண்டார். "கீழ உள்ளது நெல்லுக்கு, சேர். மேல உள்ளது அரிசிக்கு." சேர்வேயர் ஐயா இரண்டு வட்டங்களையும் மறுபடி எட்டிப் பார்த்தார். "கோடைகாலத்துக்குக் கோடு பார்த்திருக்கிறேன், மாரிகாலத்துக்குக் கோடு பார்த்திருக்கிறேன். அரிசிக்கு இப்போதுதான் பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு, சுத்தியலோடு கீழே சரக்கறைக்குள் இறங்கினார். தகட்டைத் தட்டிச் சத்தத்தை வைத்து அதன் பலத்தைப் பார்ப்பார்களாமே. மேலே நின்ற எங்களுக்குக் கேட்டது. டங், டங், டங். கொஞ்சம் தள்ளி மறுபடி டங், டங். பிறகு ஒரு "பொத்".

சேர்வேயர் ஐயா ஏணியில் பாய்ந்து மேலே வந்தார். அந்த உடம்புக்கு அப்படி ஒரு பாய்ச்சல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "தண்ணி! தண்ணி!" என்றார். மச்சான் திரும்பி, "சேருக்கு இளநி ஒண்டு வெட்டுங்கடா, கெதியா!" என்று கத்தினார். இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தும்விட்டார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே தண்ணீர் வருகிறது! கப்பலில் ஓட்டை!" என்று அலறினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பரீட்சை தொடங்கிவிட்டது என்று. டிப்போ விசிலை எடுத்து ஊதினேன். மணியை அடித்தேன். அல்ஹம்துலில்லாஹ், எங்கள் ஆட்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மருமகன். ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. றஸாக் இன்ஜினை நிறுத்தினான். கப்பலோட்டும் அலியார் தண்டயல் படகுக் கயிற்றை அவிழ்த்தார். எல்லோரும் கட்டம் போட்ட சட்டைகளைப் போட்டு வரிசையில் நின்று, புள்ளி கிடைக்கட்டும் என்று சேர்வேயர் ஐயாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் என் சேட் கழுத்தைப் பிடித்தார். "இது பரீட்சை இல்லை ஐயா! உண்மை!"

"ஓம் சேர். அப்பிடி நினைச்சித்தான் செய்யிறம். நீங்கதானே சொன்ன."

"விளங்கவில்லையா? கப்பல் தாழப் போகிறது!"

"விளங்குது சேர். நல்லாக் கதைக்கிறீங்க," என்றேன். கொழும்பில் இவர்களுக்கு நடிப்பும் படிப்பித்துத்தான் அனுப்புகிறார்கள் போலிருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவர் படகை நோக்கி ஓடினார். நான் குறுக்கே கையை நீட்டினேன். "சட்டை போடாம ஏற ஏலா சேர். சட்டம்." சட்டத்தைக் கேட்டதும் பழக்கத்தில் நின்றுவிட்டார். கையிலிருந்த இளநீரை வாங்கிவிட்டு, உங்கள் உம்மா நெய்த சிவப்புக் கட்டச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டேன்.

படகில் ஏற்ற முன் உள்ளே யாரும் மிச்சமில்லை என்று பொறுப்பாளர் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. நான் சரக்கறைக்குள் இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்தபோது முழங்கால் வரை குளிர்ந்தது. வாளியொன்று என்னைக் கடந்து மிதந்து போனது. மூலையில், சுத்தியல் பட்ட இடத்தில், கடல் ஒரு தென்னைமர மொத்தத்துக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது. அப்போதும், மருமகன், ஒரு நொடி நான் சந்தேகப்பட்டேன். பிறகுதான் எந்தக் கந்தோரும் ஒரு பரீட்சைக்கு இவ்வளவு செலவு செய்யாது என்று விளங்கியது. தோளில் கிடந்த துவாயை ஓட்டைக்குள் திணித்தேன். தகடு பிஸ்கோத்து மாதிரி நொறுங்கி, துவாயும் போய், ஓட்டை இரண்டு மடங்கானது. ஸுல்பிகாவின் முகம் வந்தது. அவள் பிள்ளையை நான் பார்க்காமலே போய்விடுவேனோ என்று நினைத்தேன். கலிமாவைச் சொன்னேன். மேலே ஓடிப்போய் "தாழுது, தாழுது!" என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. ஏணியில் ஏறித் தலையை நீட்டியபோது ஆட்கள் வரிசையில் நிற்பது தெரிந்தது. ஒழுங்காக, பயமில்லாமல், புள்ளிக்காகக் காத்துக்கொண்டு. பஸ் நிலையத்தில் கடைசி பஸ் இதுதான் என்று சொன்னால் மனிதர்கள் எப்படி மாறுவார்கள் என்பதை நான் எத்தனையோ தடவை பார்த்தவன். வாயை மூடிக்கொண்டேன்.

சேர்வேயர் ஐயாவின் காதில் சொன்னேன்: "சேர், நான் பாத்திட்டன். உண்மைதான். இனி நீங்க கத்தாதீங்க. இவனுகளுக்குத் தெரிஞ்சா எல்லாரும் ஒரே பக்கத்தால பாய்வானுகள், படகு கவுந்திரும். புள்ளி போடுற மாதிரிச் செய்யுங்க." அவர் என்னைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்தார். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்து, காகிதம் இல்லாததால் தன் உள்ளங்கையில் எழுதியபடி, "நல்லது, நல்லது, தொடருங்கள்," என்றார். அந்த இடத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அலியார் தண்டயல் மட்டும் என் நனைந்த காற்சட்டையை ஒரு தரம் பார்த்தார். விளங்கிக்கொண்டு, ஆட்களை ஒவ்வொருவராகப் படகில் இறக்கத் தொடங்கினார்.

எண்ணிப் பார்த்தேன். மச்சான் இல்லை. சுக்கான் அறையில் குடையை ஊன்றிக்கொண்டு அந்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான், படகுக்கு."

"நான் முதலாளி. முதலாளிக்குப் பரீட்சை இல்ல. பஸ் ஓணருட்ட டிக்கட் கேப்பீங்களா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் சரக்கறை வாசலில் நிறுத்தினேன். தண்ணீர் அதற்குள் பாதி ஏணியை விழுங்கியிருந்தது. மச்சான் பார்த்தார். இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, "பெயின்ற் கூட இன்னும் காயல்ல மச்சான்," என்றார். "கைருன்னிஸாட முகத்துல நான் எப்பிடி முழிக்கிற? வாங்க," என்றேன். வந்தார். படகடியில் நின்று, "எனக்குச் சட்டை?" என்று கேட்டார். தனக்கு ஒன்று தேவைப்படும் என்று அவர் எண்ணவேயில்லை, அதனால் ஒன்று குறைவாகத்தான் தைக்கப்பட்டிருந்தது. நான் என்னுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். கழற்றிய பிறகுதான் எனக்கு நீந்தத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

பாதிவழி வந்தபோதுதான் றஸாக் திரும்பிப் பார்த்தான். "மாமா, இந்தப் பரீட்சைக்குக் கப்பல உண்மையாவே தாட்டுறவங்களா?" என்று கேட்டான். எல்லோரும் திரும்பினார்கள். நூறுல் பஹ்ர் முன்பக்கத்தைத் தாழ்த்தி, நெல்லுக்கான வட்டமும் போய், அரிசிக்கான வட்டமும் போய், தாமரைப் பூவும் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு படகுக்குள் நடந்ததற்கு எந்த ஒத்திகையும் இல்லை. அலியார் தண்டயல் எவ்வளவு கத்தியும் கேட்காமல் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கரையலையில் படகு கவிழ்ந்தது. சட்டை போட்டவர்களெல்லாம் பூசணிக்காய் மாதிரி மிதந்தார்கள். நான் போனேன், கீழே போனேன், பிறகு கையில் எதுவோ அகப்பட்டது. அதுதான் சேர்வேயர் ஐயாவின் தோள். கப்பலில் யார் தோளைப் பிடிப்பேன் என்று உங்கள் மாமி கேட்ட கேள்விக்குப் பதில் அது. அவரும் என்னை உதறவில்லை. "பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்," என்றார். என் தலையணைப் பஞ்சு எங்கள் இரண்டு பேரையும் தாங்கியது. கரையில் நின்றவர்கள் ஒருவரும் உதவிக்கு இறங்கவில்லை. இன்னொரு ஒத்திகை என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். பூமணி, "இண்டைக்குத்தான் நல்லாச் செஞ்சிருக்காங்க," என்று பாராட்டினாராம்.

எங்கள் வீட்டில் சேர்வேயர் ஐயாவுக்கு மாற்றி உடுக்க உங்கள் சாரன் ஒன்றைக் கொடுத்து, கைருன்னிஸா மீனாணமும் சோறும் அனுப்பினாள். சாப்பிட்டு முடித்து அவர் முடிவைச் சொன்னார். ஒத்திகை மிகத் திறம். மிதக்கும் சட்டை திருப்தி, ஆனால் நிறத்தை மாற்ற வேண்டும். ஆட்கள் தேறிவிட்டார்கள். கப்பல் தேறவில்லை. மச்சான் எழும்பினார். "ஓட்டை போட்ட நீங்கதானே சேர்? சுத்தியலால அடிச்சா எந்தக் கப்பல்தான் தாங்கும்?" சேர்வேயர் ஐயா கையைக் கழுவிவிட்டு அமைதியாகக் கேட்டார்: "இந்தச் சுத்தியலுக்கே தாங்காத தகடு, மூட்டை ஏற்றிய பிறகு வாடைக்காற்று அலைக்குத் தாங்குமா? அப்போது கரை எவ்வளவு தூரத்தில் இருக்கும்?" மச்சான் உட்கார்ந்தார். இன்று ஜும்ஆ முடிந்து வரும்போது பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "மச்சான், அது நடுக்கடல்ல விழுந்திருந்தா..." என்று தொடங்கினார். இருவரும் செருப்பைத் தேடினோம். கப்பலின் கம்பம் மட்டும் இப்போது கடலுக்கு மேலே தெரிகிறது. நீர்க்காகங்கள் வந்து இருக்கின்றன.

ஆகவே, மருமகன், நான் தெளிவாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பாதுகாப்புப் பொறுப்பாளர் பதவியை இராஜினாமா செய்துவிட்டேன், கப்பல் இல்லாததால் அதை ஏற்பதற்கும் ஆள் இல்லை. இனி என் ஹயாத் உள்ளவரை கடல் இருக்கும் திசைக்கே போகமாட்டேன், காற்று வாங்குவதென்றாலும் மேற்கே வயல்பக்கம்தான். மச்சானும் கப்பல் என்ற சொல்லைக்கூட இனி எடுப்பதில்லை என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். உங்களுக்கும் நான் கையெடுத்துச் சொல்வது இதுதான்: அந்த வேலையை உடனே விட்டுவிட்டு வாருங்கள். எந்தத் தகடு எப்போது "பொத்" என்று சொல்லும் என்று எவருக்குத் தெரியும்? டிப்போவில் எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது, ஒரு கதை கதைத்தால் உங்களுக்கு வேலை எடுக்கலாம். பஸ் தாழாது. ஸுல்பிகா செவ்வாய்க்கிழமையிலிருந்து இரவு பகலாக அழுகிறாள், சோறு இறங்கவில்லை. அவளுக்காகவாவது வாருங்கள். உங்கள் கப்டனுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும், மதம் எதுவானாலும், என் சலாத்தைச் சொல்லுங்கள். கடலை அடக்கியவன் உங்கள் காலடியில் உள்ள ஒவ்வொரு ஆணியையும் இறுக்கிப் பிடித்திருப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
நீரிலிருந்து மீண்ட மாமா,
மீ. உதுமாலெவ்வை
(ஓய்வுபெற்ற டைம்கீப்பர், ஓய்வுபெற்ற பாதுகாப்புப் பொறுப்பாளர்)

பி.கு.: மருமகன், இது மாமி கைருன்னிஸா. உங்களுக்கு முன்னால வந்து நான் கதைக்கிறதில்ல, எழுதினாக் குத்தமில்ல எண்டு ஸுல்பிகா சொன்னாள். கடிதத்தத் தபால்ல போடச் சொல்லி என்ட கையில தந்திட்டு மாமா இண்டைக்குச் சனிக்கிழமை காலையில வெளிக்கிட்டுட்டாரு. நல்ல சேட் ஒண்டு போட்டு, தலைக்கு எண்ணெய் வைச்சி. எங்க எண்டு கேட்டன், சொல்லல்ல. காக்காட பொஞ்சாதி சொல்லித்தான் தெரியும், காக்காவும் மாமாவும் ரெண்டு பேருமாத் திருகோணமலைக்குப் போயிருக்காங்க. அங்க இன்னொரு கப்பல் விலைக்கு நிக்கிதாம். "இந்த முறை வாங்க முன்ன நானே தட்டிப் பாப்பன்" எண்டு மாமா போற வழியில கடையில சுத்தியல் ஒண்டும் வாங்கினாராம். ஸுல்பிகா அழல்ல. அண்டைக்கு வாப்பா சேர்வேயர்ர முதுகுல கரைக்கு வந்ததப் பாத்து சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல்ல, சோறும் நல்லாத் தின்னுறாள். நீங்க வேலைய விட்டுட்டு வந்திராதீங்க மகன். இந்தக் குடும்பத்துல ஒரு ஆளாவது சேட்டிபிக்கட் உள்ள கப்பல்ல இருக்கட்டும்.